தகுதியின் நாக்கு

1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தது. நிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்றது உரிமம். திருத்த வந்தவரிடம் எப்படிப் பேசுவது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த வெற்றிடத்தில் வசவு வந்து உட்கார்ந்துகொண்டது. பிடிக்காத நிரலை எழுதியவரை டோர்வால்ட்ஸ் எல்லோர் முன்பும் திட்டுவார். 'நிரல்தான் முக்கியம், ஆள் இல்லை' என்று அதற்கொரு நியாயம் வேறு. ஆளைப் பார்க்காத தகுதி, ஆளைப் பார்த்துத் திட்டுவானேன்?

2013இல் யுஎஸ்பி 3.0 பகுதியில் பணியாற்றிய சேஜ் ஷார்ப் இதை நேரடியாகவே எதிர்த்தார். 2015 மார்ச்சில் ஒரு விதி வந்தது. அதன் பெயர் 'நடத்தை நெறி' அல்ல, 'மோதல் நெறி'! அதே ஆண்டு, தாம் விலகிவிட்டதை ஷார்ப் அறிவித்தார்.

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். கொரலைன் அடா எம்கி 2014இல் உருவாக்கிய உடன்படிக்கையைத் தழுவிய நடத்தை நெறி அப்போதுதான் ஏற்கப்பட்டது. தகுதி செத்தது என்று புலம்பியவர்கள் உண்டு. லினக்ஸ் ஒன்றும் நின்றுபோய்விடவில்லை.

மோதலை இயல்பாகவும் காயத்தை விலக்காகவும் வைத்தது முதல் பிரதி. மரியாதையை இயல்பாக்கி, பராமரிப்பாளர்களைப் பொறுப்பாக்கியது இரண்டாவது. விதி எழுதினால் அதிகாரம் கரைந்துவிடுமா? கரையாதுதான். ஆனாலும் தகுதி, திறமை என்று பேசுகிற இடங்களிலெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: வசவைக் கேட்டு வாசலிலேயே திரும்பிப் போனவர்களின் திறமையை யார் அளந்தார்கள்?