நகரம் யாரை முதியோர் என்கிறது?

மாநகராட்சி முதியோருக்கென்று ஏதாவது திறந்தால், எந்த முதியோருக்கு என்று முதலில் கேளுங்கள் தோழர்களே.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. ஆதரவற்றோருக்கு மாதம் 20 ரூபாய். ஒன்றிய அரசு 1995இல்தான் வந்தது, 75 ரூபாயோடு. அதன் பங்கு 2006இல் 200 ஆனது. 80 வயதுக்குக் கீழே இன்றும் அதே 200தான். மீதியை மாநிலம் போட்டு 1,200 தருகிறது.

இதில் நகராட்சி எங்கே? மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. 1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது. நலிந்த பிரிவினர் அதில் உண்டு, மாற்றுத்திறனாளிகள் உண்டு. முதியோர் என்ற சொல்லே இல்லை.

அந்த ஓட்டையில் விழுந்தது யார்? 2000இல் சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. ஒப்பந்தத்தில் உழைத்தவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கிடையாது. பெரும்பாலும் நம் மக்கள். அதே காலத்தில்தான் கூவம், அடையாறு கரைக் குடியிருப்புகளை இடித்து, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று அனுப்பினார்கள். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடிவரை வீடு. லிப்ட் நின்றால் முட்டி தேய்ந்த பாட்டி வீட்டுச் சிறைதான். நடைபயிற்சிப் பூங்கா போடுகிறவர்களுக்கு இது முதியோர் பிரச்சினையாகவே தெரிவதில்லை.

2022இல் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. கண்ணகி நகரில் அதைக் குடியிருப்பு வாசலிலேயே கூட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பெரும்பாக்கம், மக்களைக் கொண்டுபோய் இறக்கியபோது, மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. அது ஊராட்சி. ஆயுள் முழுக்க நகரத்தைக் கூட்டிப் பெருக்கிய பாட்டி, லிப்ட் கேட்கக் கிராம சபைக்குப் போக வேண்டியிருந்தது.