துளையைப் பார்க்க மறந்தேன்: அரிக்கமேடு பாசிமணி பற்றி ஒரு திருத்தம்

இந்த எபிசோட் ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது.

அரிக்கமேடு பற்றிப் பேசின எபிசோட்ல நான் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். "அங்க இருந்த கைவினைஞர்கள் இரும்புக் கம்பியில களிமண் பூசி, அதுமேல உருகின கண்ணாடியைச் சுத்திச் சுத்தி பாசிமணி செஞ்சாங்க"ன்னு. ரொம்ப உறுதியாச் சொன்னேன். ஏன்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஒரு கண்ணாடி மணிப் பட்டறைக்குப் போய், நானே அப்படி மணி செஞ்சு பார்த்திருந்தேன். கையால செஞ்சு பார்த்த உடனே வரலாறே புரிஞ்சிடுச்சுன்னு ஒரு நினைப்பு.

எபிசோட் வெளியான மூணாவது நாள் கேட்பவர் ஒருத்தர்கிட்ட இருந்து மின்னஞ்சல் வந்தது. அதுல ஒரே ஒரு கேள்விதான்: "தம்பி, அந்த மணியோட துளையை உள்ளே பார்த்தீங்களா?"

பார்க்கலை. அதனாலதான் இந்த எபிசோட்.

முதல்ல பட்டறைக் கதையைச் சொல்லிடறேன், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. விளக்குச் சுடர்ல மணி செய்யும்போது, எவர்சில்வர் கம்பி ஒண்ணை எடுத்துக்குவாங்க. அதுக்கு மேண்ட்ரல்னு பேரு. கம்பியோட நுனியை ஒரு களிமண் கரைசல்ல முக்கி எடுத்து, காய வைக்கணும். அந்தக் கரைசல்தான் பீட் ரிலீஸ். வெள்ளைக் களிமண், அலுமினா மாதிரி சூட்டுக்கு அசையாத பொடிகளைத் தண்ணீர்ல கலந்தது. காய்ந்த பூச்சுமேல கண்ணாடியைச் சுத்தி, மெதுவா ஆற வெச்சு, கடைசியில கம்பியை உருவிடணும். கம்பி இருந்த இடம்தான் துளை.

கேட்க சுலபமா இருக்குல்ல? நான் ஏழு மணி செஞ்சேன். ரெண்டு கழண்டு வந்தது. ரெண்டு கம்பியோடவே ஒட்டிக்கிச்சு. ஒண்ணு ஆறும்போதே கீறல் விட்டது. மிச்ச ரெண்டும் செஞ்சுகிட்டிருக்கும்போதே கம்பியில வழுக்கிச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

மென்பொருள்ல பக் தேடற பழக்கம் இருக்கே, ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்த்தேன். வழுக்கின ரெண்டுல பூச்சு தடியா இருந்தது. காயும்போதே வெடிப்பு விட்டு, கண்ணாடியைச் சுத்தின வேகத்துல பெயர்ந்துபோச்சு. கரைசல் தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்வா இருக்கணும், நான் இட்லி மாவு பதத்துல வெச்சிருந்தேன். கம்பியையும் நான் துடைக்கலை. புதுக் கம்பியில எண்ணெய்ப் பசை இருக்கும், அதுல களிமண் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சோப்புப் போட்டுக் கழுவினாத்தான் பிடிப்பு வரும். ஒட்டிக்கிட்ட ரெண்டுல, பூச்சு முடியற எல்லையைத் தாண்டி கண்ணாடி வெறும் எஃகைத் தொட்டிருந்தது. சூடான இரும்போட மேல இருக்கற ஆக்சைடு படலம் உருகின கண்ணாடியில கரைஞ்சு நல்லாப் பிணைஞ்சிடும். இரும்புமேல எனாமல் ஒட்டறதே இந்தக் காரணத்தாலதான். எனாமல் பாத்திரத்துக்கு வரம், மணிக்குச் சாபம்.

கீறல் விட்டதுக்குக் கணக்கு இருக்கு. எஃகு ஒரு டிகிரி ஆறினா பத்து லட்சத்துல சுமார் 17 பங்கு சுருங்கும். அந்தக் கண்ணாடி சுமார் 10 பங்கு. 500 டிகிரியில இருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது, 20 மில்லிமீட்டர் நீள மணிக்கும் உள்ளே இருக்கற கம்பிக்கும் நடுவுல ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்திடும். ஒரு தலைமுடி தடிமன். நடுவுல பொடியாகக்கூடிய மண் இருந்தா, அந்த வித்தியாசத்தை அது வாங்கிக்கும், கம்பியும் தானா விலகும். மண் இல்லாம ஒட்டியிருந்தா, கம்பி சுருங்கறப்போ கண்ணாடியையும் பிடிச்சு இழுக்கும். இழுத்தா கண்ணாடி தாங்காது.

சரி, ஒட்டின மணியை எப்படி எடுக்கறது? தண்ணீர்ல நல்லா ஊற வெச்சு, கம்பியை இடுக்கியால பிடிச்சு, மெதுவா ஆட்டி எடுக்கணும். துளையைச் சுத்தம் பண்றதும் தண்ணீர் விட்டுத்தான். அந்தப் பொடி மூச்சுல போகக்கூடாது.

கழண்டு வந்த ரெண்டு மணிக்குள்ளயும் பார்த்தா ஒரு வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்ச்சாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்போ அது எனக்கு எரிச்சலா இருந்தது. மின்னஞ்சல் வந்தப்புறம்தான் புரிஞ்சது, அதுதான் சாட்சி.

துளையை உண்டாக்கற பொருளை எப்படி வெளியே எடுக்கறது? கண்ணாடி மணி செஞ்ச ஒவ்வொரு ஊரும் இந்த ஒரே பிரச்சினைக்குத் தன் வழியில விடை கண்டுபிடிச்சிருக்கு. களிமண் பூசறது ஒரு வழி. வெனிஸ்ல விளக்குச் சுடர்ல வேலை செஞ்சவங்க செம்புக் கம்பியிலயும் மணி சுத்தினாங்க. அப்புறம் மணியோட சேர்த்து அமிலத்துல போட்டா செம்பு கரைஞ்சிடும், கண்ணாடி நிக்கும். கானாவில் குரோபோ மக்கள் கண்ணாடியைப் பொடிச்சு களிமண் அச்சுல நிரப்புவாங்க. மணி அச்சுல ஒட்டாம இருக்க வெள்ளைக் களிமண் பூச்சு. துளைக்கு நடுவுல மரவள்ளி இலைக்காம்பு. சூளையில காம்பு எரிஞ்சு சாம்பலாகிடும், துளை மட்டும் மிஞ்சும்.

மண்ணை உதிர்க்கலாம், உலோகத்தைக் கரைக்கலாம், காம்பை எரிக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு. நடுவுல எதையுமே வைக்காம இருக்கறது. அரிக்கமேட்டுக்காரங்க தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

புதுச்சேரிக்குப் பக்கத்துல, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில இருக்கற இந்த இடத்தை மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டினார். மத்தியதரைக்கடல் பக்கத்துல இருந்து வந்த மட்பாண்டங்களும் மதுஜாடித் துண்டுகளும் கிடைச்சதால, பேச்செல்லாம் ரோம் பக்கமே போச்சு. வீலரே இதை இந்திய-ரோமானிய வணிக நிலையம்னுதான் எழுதினார். பாசிமணிகளை வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்டவர் பீட்டர் ஃபிரான்சிஸ் ஜூனியர். ஒரே நிறத்துல, சின்னச் சின்னதா, ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில இருந்து தென்கிழக்காசியா தாண்டி கொரியா, ஜப்பான் வரைக்கும் கிடைக்கற மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்'னு பேர் வெச்சது அவர்தான். அந்த மணிகள் செய்யப்பட்ட தொடக்ககால இடங்கள்ல ஒண்ணு அரிக்கமேடுன்னு அவர் வாதிட்டார்.

அவர் பார்த்ததும் துளையைத்தான், கூடவே கண்ணாடிக்குள்ள இருக்கற குமிழிகளை. கம்பியில சுத்தின மணியில குமிழியும் கோடுகளும் துளையைச் சுத்தி வட்டமா ஓடும். துளைக்குள்ள சொரசொரப்பா மண் ஒட்டியிருக்கலாம். இழுத்துச் செஞ்ச மணியில குமிழி நீண்டு, துளைக்கு இணையா ஓடும். துளை உள்ளே வழவழப்பா இருக்கும். இந்தோ-பசிபிக் மணிகள் இழுத்துச் செஞ்சவை.

எப்படி இழுத்தாங்க? அதுக்கு உயிரோட ஒரு விடை, திருப்பதிக்குப் பக்கத்துல பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு ஊர்ல இருந்தது. ஃபிரான்சிஸ் அங்க நேர்ல பார்த்து எழுதினார். 'லாடா'ங்கற நீளமான இரும்புக் குழாய் நுனியில பெரிய கண்ணாடி உருண்டையை எடுத்து, உருட்டி, கூம்பா ஆக்குவாங்க. குழாய் வழியா ஒரு கம்பியை உள்ளே செலுத்தி, கூம்பு நடுவுல வெற்றிடம் உண்டாக்குவாங்க. அப்புறம் அதை உலையில வெச்சு உருட்டிக்கிட்டே இருக்க, எதிர்ப்பக்கம் இருக்கறவர் நுனியைக் கொக்கியால பிடிச்சு இழுப்பார். நடுவுல வெற்றிடம் இருக்கற கூம்பை இழுத்தா, எவ்வளவு மெலிசா நீண்டாலும் வெற்றிடமும் கூடவே நீளும். வர்றது கண்ணாடிக் குழாய். அதைத் துண்டு துண்டா வெட்டினா, ஒவ்வொரு துண்டுலயும் துளை ஏற்கெனவே இருக்கு. உருவறதுக்கு எதுவும் இல்லை.

ஆனா வெட்டின துண்டுக்கு ஓரம் கூர்மையா இருக்கும். மறுபடி சூடாக்கி உருட்டையாக்கணும். அப்போ துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், துளையும் மூடிக்கும். அதுக்காகச் சாம்பலோட கலந்து சுடுவாங்க. என் கம்பியில களிமண் செய்ய வேண்டிய வேலையை, அங்க அடுப்புச் சாம்பல் ஒரே நேரத்துல ஒரு சட்டி மணிக்கும் செஞ்சது. வெனிஸும் பிற்காலத்துல இழுத்த மணிகளுக்குக் கரித்தூளும் சுண்ணாம்பும் கலந்து இதே யுக்தியைத்தான் பயன்படுத்துச்சு.

இப்போ என் தப்போட அளவு தெரியுதா? 'இரும்புக் கம்பியில சுத்தினாங்க'ன்னு நான் சொன்னப்போ, ஒரு ஆள், ஒரு சுடர், ஒரு மணின்னு ஒரு காட்சியை உங்க மனசுல வெச்சுட்டேன். லாடா வேலை அப்படி இல்லை. உலை பார்க்கறவர், உருண்டை எடுக்கறவர், லாடாவை உருட்டறவர், இழுக்கறவர், வெட்டறவர், சாம்பல்ல சுடறவர்னு ஒரு குழுவே வேணும். கடல் தாண்டி அவ்வளவு தூரம் மணி போனதுக்கு, ஒரு இழுப்புல ஆயிரக்கணக்கா மணி தர்ற அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். ரோமுக்கே எல்லாப் பெருமையும் போகுதுன்னு அந்த எபிசோட்ல குறைப்பட்டுக்கிட்டவன் நான்தான். அந்த வேலைக்காரங்களோட பெருமையைப் பாதியாக் குறைச்சதும் நான்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன், அடுத்த திருத்தத்துக்கு வேலை வைக்காம. இழுத்த மணி எங்க கிடைச்சாலும் அது அரிக்கமேட்டுலதான் செஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. இலங்கையில மாந்தை, தாய்லாந்துல கிளாங் தோம், வியட்நாம்ல ஒக் ஏயோன்னு வேற உற்பத்தி இடங்களையும் ஃபிரான்சிஸ் சொல்லியிருக்கார். துளை எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லும். எங்க செஞ்சாங்கன்னு சொல்ல கண்ணாடியோட வேதியியலையும் பார்க்கணும்.

மணி செஞ்சது வீண் இல்லை. ஒட்டிக்கிட்ட ரெண்டு மணி இன்னும் கம்பியோடவே என் மேசையில இருக்கு. அந்த அவதியைப் பட்டதாலதான், கம்பியே வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க எவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்காங்கன்னு புரியுது. என் தப்பு, செஞ்சு பார்த்ததோட நிறுத்திட்டு, அவங்க செஞ்சதைப் பார்க்காம விட்டதுதான்.

புதுச்சேரி அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கு. போனா, நிறத்தைப் பார்த்துட்டு நகர்ந்துடாதீங்க. கொஞ்சம் குனிஞ்சு குமிழி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. அந்த மின்னஞ்சல் அனுப்பினவருக்கு நன்றி. பழைய எபிசோடோட பக்கத்துலயும் இந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.