தொலைபேசி நிலையங்களின் முகவரி



தொலைபேசியில் நாம் பேசுவதற்கு முன்னரே, நமக்கு வழி திறந்துவிடும் பொருட்டு நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சுக்குச் சமிக்ஞை என்று பெயர். அதன் வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

தொடக்கத்தில் இவ்வேலையைச் செய்தவர்கள் இணைப்புப் பலகையின் முன் அமர்ந்த பணியாளர்கள். அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ஆம் ஆண்டில் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் இந்தியானா மாநிலத்து லாபோர்ட் நகரில் அவ்வகை நிலையம் தொடங்கப்பெற்றது. மனிதக் குரல் இட்ட ஆணையை அதன்பின் மின்துடிப்புகள் இடலாயின.

ஊர் விட்டு ஊர் பேசும் வழிகள் பெருகியபோது, பேச்சு சென்ற தடத்திலேயே ஆணையும் சென்றது. அமெரிக்காவின் பெல் அமைப்பில், 2,600 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி கேட்டால் அத்தடம் காலியாக உள்ளது என்று பொருள். இதனை அறிந்த இளைஞர் சிலர் 1960-களிலும் 1970-களிலும் சீழ்க்கையாலும் சிறு கருவிகளாலும் அவ்வொலியை எழுப்பிக் கட்டணமின்றிப் பேசினர். இயந்திரத்தைக் குறை கூறிப் பயன் என்ன? பேச்சும் ஆணையும் ஒரே வழியில் வந்தால், எது யாருடையது என்று அது எவ்வாறு அறியும்?

ஆகவே ஆணைக்குத் தனிப் பாதை வகுக்கப்பட்டது. பெல் அமைப்பு 1976-இல் இம்முறையைத் தொடங்கியது. 1980-இல் பன்னாட்டுக் குழு ஏழாம் எண் சமிக்ஞை முறையை வகுத்தளித்தது. இம்முறையில் ஒவ்வொரு நிலையத்திற்கும் பாயிண்ட் கோடு எனப்படும் குறியெண் உண்டு. கடித உறையில் போலவே, ஒவ்வொரு செய்தியிலும் அனுப்புநர், பெறுநர் இருவர் எண்களும் இருக்கும். பன்னாட்டு முறையில் இது 14 பிட் அளவுடையது. ஆதலின் 16,384 எண்களே அமையும். வட அமெரிக்காவிலோ 24 பிட். அங்கே 1,67,77,216 எண்கள் அமையும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பழைய நிலையத்தை அகற்றி அதன் பணியைப் புதிய இயந்திரத்திடம் ஒப்படைக்கிறோம் என்று கொள்வோம். சுற்றிலுமுள்ள நிலையங்களின் வழி அட்டவணைகளில் பழைய எண்ணே பதிந்திருக்கும். அவற்றுள் பல வேறு நிறுவனங்களுக்கு உரியவை. எல்லாவற்றையும் ஒரே இரவில் திருத்துவது எளிதன்று. ஒன்று விடுபட்டாலும் அவ்வழி அழைப்புகள் தவறும்.

இதற்குக் கண்ட தீர்வே மெய்நிகர்க் குறியெண். புதிய இயந்திரம் தன் சொந்த எண்ணுக்கு மட்டுமன்றிப் பழைய எண்ணுக்கும் மறுமொழி தருமாறு அமைத்துவிடுகிறார்கள். அண்டை நிலையங்கள் தம் அட்டவணையைத் திருத்த வேண்டுவதில்லை. ஒருவரே ஒரு வீட்டில் மாமாவாகவும் மற்றொரு வீட்டில் சித்தப்பாவாகவும் விளங்குவதில்லையா? அதுபோல ஒரே இயந்திரம் இரு வலையமைப்புகளில் இரு எண்களுடன் நிற்கவும் இயலும். மாறாக, செய்திகளை வழிமாற்றும் இரட்டை நிலையங்கள் ஒரே பொது எண்ணைப் பகிர்ந்து, ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியை ஏற்பதும் உண்டு. ஆனால் திட்டமின்றி ஒரே எண்ணை இரு நிலையங்களுக்கு இட்டால், ஒன்றுக்கு உரிய செய்தி மற்றொன்றைச் சேர்ந்துவிடும்.

முகவரி இவ்வாறு இயந்திரத்தினின்று பிரிந்தது பெரு நன்மையே. எனினும் செய்தியில் எழுதப்பட்ட முகவரிக்கு அனுப்பியவர் உரியவர்தாமா என்று சோதிக்கும் ஏற்பாடு ஏழாம் எண் முறையின் அடிப்படையில் இல்லை. ஒருவரையொருவர் நம்பிய சில நிறுவனங்களுக்காக வகுக்கப்பட்ட முறை அது. அந்நம்பிக்கையைப் பயன்படுத்திப் பிறர் கைப்பேசி இருக்குமிடத்தை அறியவும் பேச்சை ஒட்டுக்கேட்கவும் இயலும் என்பதை 2014-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹாம்பர்க் நகரில் விளக்கிக் காட்டினர். அதன்பின் பல நிறுவனங்கள் எல்லையில் காவல் வடிகட்டிகளை அமைத்தன.

சீழ்க்கையொலியை நம்பி ஏமாந்த இயந்திரம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே: ஆணையிடுபவர் யார்? பொறியியல் பயிலச் செல்லும் உங்களிற் சிலர் நாளை புதிய வலையமைப்புகளை வகுப்பீர்கள். அக்கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.