பக்கவாதமுற்ற கையும் ஸ்பரிச அறிவும்

பக்கவாதத்தால் தளர்ந்த கைக்குச் சிகிச்சை செய்வோர், விரல்கள் எவ்வளவு மடங்குகின்றன, பிடி எவ்வளவு பலமுடையது என்பவற்றையே பெரும்பாலும் அளக்கின்றனர். அவ்விரல்கள் எதையேனும் உணர்கின்றனவா என்னும் வினா, இயக்கம் மீண்ட பிறகு பார்த்துக்கொள்ளத்தக்கதாகப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இவ்வரிசை பிழையானது என்பதும், உணர்ச்சியை மீட்கும் முறைகளுள்ளும் கையை வெறுமே தூண்டுவது ஒன்று, அதை அறியப் பழக்குவது வேறொன்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1895-ல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் குரங்கின் ஒரு கைக்குரிய உணர்ச்சி நரம்பு வேர்களை அறுத்துவிட்டு நோக்கியபொழுது, இயக்க நரம்புகள் ஊறுபடாதிருந்தும் அப்பிராணி அக்கையை உபயோகிப்பதையே விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்தால் உணர்விழந்த கையையும் அது பயன்படுத்தும் என்று எட்வர்ட் டௌப் பிற்காலத்தில் காட்டியதால் அம்முடிவு திருத்தம் பெற்றது மெய்யே. ஆயினும் அத்திருத்தத்தின் எல்லையை, 1982-ல் ராத்வெல்லும் அவருடைய சகாக்களும் வருணித்த ஒரு நோயாளியிடம் காண்கிறோம். அவருக்கு வந்தது மூளை நோயன்று, உணர்ச்சி நரம்புகளைப் பற்றிய நோய். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஆகாயத்தில் உருவங்கள் வரைய வல்லவராயிருந்த அவரால், சட்டைப் பொத்தானை மாட்டவோ, பேனாவைப் பிடித்து எழுதவோ, ஒரு கையால் கோப்பையை ஏந்தவோ இயலவில்லை. இதன் காரணத்தை ஸ்வீடனில் யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சி விளக்குகிறது: பொருள் நழுவத் தொடங்கியதைத் தோலின் உணர்விகள் அறிவித்தவுடன், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள், நாம் நினைக்கு முன்பே பிடி இறுகுகிறது, விரல் நுனிகளை மரக்கச் செய்தால் இந்த இறுக்கம் கெட்டுவிடுகிறது. கண் எவ்வளவு கூர்மையாயினும் இவ்வேகத்தில் உதவ வல்லதன்று.

கையை வெறுமே தூண்டும் முறைகளாகிய தூரிகையால் வருடுதல், பனிக்கட்டி வைத்தல், மின்சாரத்தால் தூண்டுதல் முதலியன பயனற்றவை என்று நான் கூறவில்லை. மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் தூண்டியபின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த பிடி சிறிது காலம் பலமடைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 1992-ல் ரிகன்ஸோனும் மெர்ஸெனிக்கும் பிறரும் குரங்குகளின் விரலில் அதிர்வு கொடுத்துச் செய்த சோதனையில், அதிர்வுகளின் வேற்றுமையைக் கண்டறிந்து பரிசு பெறப் பழகிய குரங்குகளின் மூளையில் அவ்விரலுக்குரிய பகுதி மாறுதலடைந்தது. அதே அதிர்வைப் பெற்றும், தன் சிரத்தை முழுவதையும் ஓசைகளின்மேல் வைத்திருந்த குரங்கிடம் அம்மாறுதல் தோன்றவில்லை. மெல்போர்னில் லீஆன் கேரியும் அவர் குழுவினரும் 50 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இவ்வழியே செல்வது எனக்கு மிக்க முக்கியமாகத் தோன்றுகிறது: பொருள்களை வெறுமே பற்றச் செய்தும் கையைப் பிறர் அசைத்தும் பழக்கப்பட்டோரைவிட, வேற்றுமை காணப் பயின்றோரின் உணர்ச்சி அதிகம் சீர்பட்டது, அப்பயன் ஆறு மாதங்களுக்குப் பின்னும் நிலைத்தது.

இத்தகைய பயிற்சியில் நோயாளி கண்ணை மறைத்துக்கொண்டு, கரடுமுரடானதும் வழவழப்பானதுமான இரு பரப்புகளைத் தடவி இன்னதென்று சொல்கிறார். பின்பு கண்ணால் பார்த்தும், நல்ல கையால் தொட்டும் தம் விடையைச் சோதித்துக்கொள்கிறார். விடை சரியாக வர வர, பரப்புகளின் வேற்றுமை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பொறுமையும், கண் உணர்ச்சியின் வேலையைத் திருடாதபடி காக்கும் கவனமுமே வேண்டும். கை தானே அசையாதபொழுது, சிகிச்சையாளர் அதைப் பொருளின்மேல் வழிநடத்தலாம். பக்கவாதத்துக்குப்பின் தொட்டாலே தாங்கொணா வலி எழும் சிலரிடத்து மட்டும் இம்முறையை வற்புறுத்தலாகாது. சூடு தெரியாத கை அடுப்பருகே புண்படும் அபாயமும் உண்டாகையால், உணர்ச்சிச் சோதனை முதல் நாள் பரிசோதனையிலேயே, பலத்தின் அளவையோடு ஒருங்கே பதிவு செய்யப்பட வேண்டும்.