ஒரே மாவட்டம், ஒரே அளவுகோலா?

க.பொ.த. பெறுபேறுகள் வந்த கையோடு பாடசாலைகளை வரிசைப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். எங்கே எத்தனை 9 ஏ, எத்தனை பேர் கெம்பஸ் போனார்கள் என்று முகநூல் முழுக்க அதுதான் பேச்சு. அங்கே படிக்கிற பிள்ளைகள் யார், எங்கேயிருந்து வருகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. நுவரெலியா மாவட்டத்தை வைத்து இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்த மாவட்டத்தில் பெருந்தொகையானோர் மலையகத் தமிழர். இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனா தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் நிர்வாகத்திலேயே கிடந்தன. பெரும்பாலும் ஒரு கட்டடம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. கொழுந்து பறிக்க ஆள் தேடுகிற தோட்டத்துக்கு, பிள்ளைகள் அதற்கு மேல் படிப்பதில் என்ன லாபம்? 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. வாக்கில்லாத சனத்துக்குப் பள்ளிக்கூடம் கட்ட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. 1972, 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பெடுத்தது.

அந்த முப்பது வருடப் பின்னடைவு இன்றும் பாடசாலை வகைகளில் தெரிகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவும் இருந்தால் 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 1சி. சாதாரண தரத்தோடு நிற்பது வகை 2, ஆரம்ப வகுப்புகளோடு நிற்பது வகை 3. தோட்டத்துக்குள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைதான்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா 1974 இல் வந்தது. இப்போது பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். நுவரெலியா அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கு. ஆனா கோட்டாவின் பார்வை மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆய்வுகூடமும் டியூஷனும் கிடைக்கிற டவுன் பிள்ளையும், லயத்திலிருந்து மேடு ஏறி வகை 2 பாடசாலைக்குப் போகிற பிள்ளையும் அதற்கு ஒரே ‘நுவரெலியா மாணவர்’. விஞ்ஞானப் பிரிவுக்கே போய்ச்சேர முடியாதவருக்கு மருத்துவபீட வெட்டுப்புள்ளி எவ்வளவு குறைந்துதான் என்ன பயன்?

கோட்டா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது மாவட்டங்களுக்கு இடையிலான இடைவெளியைப் பார்க்கிறது. மாவட்டத்துக்குள்ளே இருக்கிற இடைவெளியையும் யாராவது பார்க்க வேணும். அடுத்த முறை பட்டியலைப் பகிர முன்னம் மூன்று கேள்வி கேட்போம்: இது எந்த வகைப் பாடசாலை? கணித, விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறாரா? முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை வந்தார்கள்?