பரங்கி அலகும் யாளிப் பிடியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பழைய இரும்பு ஏற்றிய லாரிகளைக் காணாது ஒருநாளும் கழியாது. உடைந்த எந்திரமும் துருவேறிய தகடும் உலைக்குள் சென்று கட்டுமானக் கம்பியாக வெளிவருகின்றன. அக்குவியல்களைக் காணுந்தோறும் நமக்குத் தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை நினைவுக்கு வருகிறது. அதன் பெரும்பகுதியும் இப்படித்தான் முடிந்தது.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் நம் கடற்கரையில் வந்திறங்கினர். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் 1613-இல் எழுந்த டச்சுக் கோட்டை அக்காலத்தின் சாட்சி. அந்நாளைய கடல் வணிகத்தில் ஐரோப்பிய வாளலகுகளும் இந்தியாவுக்கு வந்தன. அவற்றை வடக்கிலும் தக்காணத்திலும் ‘ஃபிரங்கி’ என்றழைத்தனர். நம் வழக்கில் அது பரங்கி.

உருக்குக்குப் புகழ்பெற்ற நாட்டில் அயல் அலகு எதற்கு என்று வாசகர் வினவலாம். நம் உருக்கு கடினமானது, கூர்மையை நெடிது காப்பது. ஐரோப்பிய அலகோ நீண்டது, வளைந்து நிமிரும் தன்மையது. இரண்டின் பயனும் வேறு.

வந்த அலகு வந்தபடியே இருக்கவில்லை என்பதே சுவையான செய்தி. தஞ்சைக் கொல்லர்கள் அதன் அயல்நாட்டுக் கைப்பிடியைக் களைந்தனர். சில அலகுகளைத் தறித்துக் கட்டாரிகளில் பொருத்தினர். யாளி முகமும் பூவேலையும் கொண்ட எஃகுக் காப்பு புறங்கையை மூடிற்று. அலகின் நீளவாட்டுப் பள்ளங்கள் மட்டும் பழைய பிறப்பைச் சொல்லி நின்றன.

பொறிப்புகளை நம்பிப் பிறப்பிடத்தைத் துணிவதும் எளிதன்று. அந்திரேயா ஃபெராரா பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் பெயருக்கிருந்த மதிப்பால் ஜெர்மானியப் பட்டறைகளும் அதையே பொறித்தன. பாசாவ் நகரின் ஓடும் ஓநாய்ச் சின்னத்தைச் சோலிங்கன் கொல்லர்களும் எடுத்தாண்டனர். அலகின் எழுத்து பொய் சொல்லக்கூடும். ஆனால் அது எங்கே வாழ்ந்தது என்பதைக் கைப்பிடி மறைப்பதில்லை.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தார். தஞ்சை அரசு கும்பினியார் வசமாயிற்று. 1860-களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சிய பெருந்தொகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. தப்பியவற்றுட் சில கடல்கடந்தன. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் சேகரித்த தென்னகக் கட்டாரிகள், 1935-இல் அவர் மறைந்தபின், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சேர்ந்தன.

உடைத்தவர்களுக்கு அவை இரும்பு, எடைக்கேற்ப விலை. இரு நாட்டுக் கொல்லர்கள், ஒருவரையொருவர் காணாமலேயே சேர்ந்து செய்த பொருள் என்பது தராசில் ஏறவில்லை.

இன்றும் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது பரணிலிருந்து துருவேறிய வாள் கிடைப்பதுண்டு. காயலான் கடையில் எடை போடுமுன் அதை ஒருமுறை துடைத்துப் பார்ப்போம். ஓர் எழுத்தோ, ஓர் ஓநாயோ, ஒரு யாளியோ அங்கே காத்திருக்கலாம். உலைக்குப் போனபின் கம்பியிடம் கேட்க ஒன்றுமில்லை.