சாமராஜநகரத்துச் செண்டுமல்லி

தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் நீரில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையும் நீலகிரியும் தாமே வாங்கிக்கொள்ள, எஞ்சிய தூறலைக் கொண்டே வேளாண்மை நடத்தும் பிரதேசத்தில், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் வழியாகச் செல்லும் தமிழ்ப் பிரயாணி காணும் முதல் கன்னட நகரம் சாமராஜநகர். முன்னர் அரிகொட்டாரம் என வழங்கிய அவ்வூர் தம் தந்தை சாமராஜ உடையார் பிறந்த தலமாதலால், மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1818-இல் அதற்கு இப்பெயரைச் சூட்டி, பின்னர் சாமராஜேசுவரர் ஆலயத்தையும் எழுப்பினார். இந்த ராஜாங்க சரித்திரத்தை விடவும் என் மனத்தைக் கவர்வது, ஒரே பருவம் உயிர்வாழும் ஓர் அயல்நாட்டுப் பூச்செடி இம்மாவட்டத்தில் குடிபுகுந்து, குண்டல்பேட்டை தாலுகாவின் புன்செய்க் காடுகளை ஆவணி மாதத்தில் பொன்மயமாக்கும் சரித்திரமே.

செண்டுமல்லி என்றும், துலுக்கச் சாமந்தி என்றும், தெற்கே கேந்தி என்றும் நாம் அழைக்கும் அப்பூவின் ஜன்மபூமி மெக்ஸிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் அதை வழிபாட்டிலும் வைத்தியத்திலும் கையாண்டனர். போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் கடந்து பாரதம் வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் இடம்பெற வாய்ப்பில்லாத இப்புதியவர் சில நூற்றாண்டுகளுக்குள் வாசற்படித் தோரணத்திலும் ஆயுத பூஜையிலும் கல்யாணப் பந்தலிலும் உரிமையோடு அமர்ந்துவிட்டார். மணத்தில் மல்லிகைக்கு ஈடாகாது என்பது மெய். ஆனால் பறித்து இரண்டு நாள் ஆன பின்பும் வாடாது நிற்கும் குணம் மாலை தொடுப்பவருக்குப் பெரும் பாக்கியம்.

மைசூர் சமஸ்தானத்தில் பருவப் பூச்செடிகளுக்கு மதிப்புத் தேடித் தந்த பரம்பரை நீண்டது. 1760-இல் ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். 1908-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சேவையில் அமர்ந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரம்பீகல், வெளிநாட்டு விதைகளை வரவழைத்து இங்குள்ள மண்ணுக்குப் பழக்கினார். அவ்வழி வந்த ஜினியாவும் பெட்டூனியாவும் ஃபிளாக்ஸும் பங்களாத் தோட்டங்களோடு நின்றுகொண்டன. செண்டுமல்லி ஒன்றே வேலியைத் தாண்டி உழவனின் கொல்லைக்குள் நடந்தது. அதற்குக் காரணம், அது கேட்கும் பராமரிப்பின் சுருக்கமே என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சுருக்கத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் சூட்சுமம் விளங்கும். வைகாசி, ஆனி மழையில் நாற்றங்காலில் விதை தூவினால், நான்கு வாரத்தில் பிடுங்கி நடும் பருவத்துக்கு நாற்று வந்துவிடும். நட்டு ஒரு மாதம் கழிந்ததும், செடி மேல்நோக்கி மொட்டு விட முனையும் வேளையில், பெண்கள் வரிசையாகச் சென்று கட்டைவிரல் நகத்தால் நடுக்குருத்தின் நுனியைக் கிள்ளிப் போடுகிறார்கள். அன்று மொட்டையாகத் தோன்றும் செடி, சில நாட்களில் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டுக் குடை போல் படர்ந்து, கிளைதோறும் பூத்துத் தள்ளும். வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும், களை பறித்து மண் அணைப்பதும், முற்றிய பூவைச் செடியிலேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது பறிப்பதுமே மற்ற வேலைகள். பூ விதையாக முற்றிவிட்டால், தன் கடமை முடிந்ததென்று செடி புதிய மொட்டுக்களைக் குறைத்துவிடும் ஆதலால், பறிக்கப் பறிக்கப் பூக்கும் என்பது அனுபவ சத்தியம். போதாக்குறைக்கு, மண்ணிலுள்ள நூற்புழுக்களை ஒடுக்கும் பொருளொன்று அதன் வேரில் இருப்பதால், தக்காளிக்கு நடுவே இதை நடுகிற வழக்கமும் உண்டு.

பின்னர் வந்த மாறுதல் கிரம்பீகல் கனவிலும் கருதியிராதது. இதழில் செறிந்துள்ள லூட்டின் என்னும் நிறப்பொருளுக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏற்படவே, கம்பெனிகள் விதை கொடுத்து, ஒப்பந்த விலை பேசி, பூவை மூட்டை மூட்டையாக வாங்கத் தொடங்கின. குழிகளில் புளிக்கவைத்து, பிழிந்து, உலர்த்தி, கரைப்பானால் சாறெடுத்த அச்சத்து, கோழித் தீவனத்தில் கலந்து முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறமேற்றுகிறது. கண்ணுக்கு நல்லதென்று மாத்திரைகளிலும் சேர்கிறது. தெய்வத்தின் தோளுக்கென்று வளர்ந்த மலர் ஆலையின் கச்சாப்பொருளானதைக் குறைவாக நான் எண்ணவில்லை. வானம் பார்த்த பூமியில் மூன்று, நான்கு மாதத்தில் ரொக்கம் தரும் பயிர் வேறெத்தனை இருக்கின்றன?

ஆலைக்குப் போகாத பூ ஓணத்தை முன்னிட்டுக் கேரளம் செல்கிறது. பந்திப்பூர் வனத்தினூடே வயநாட்டுக்குப் போகும் சாலையில், வனவிலங்குகளின் பாதுகாப்புக்காக 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் போக்குவரத்துத் தடை அமலில் இருப்பதால், பொழுதுக்குள் பூவேற்றிய வண்டி வனத்தைக் கடந்தாக வேண்டும். யானைக்கு வழிவிடும் அந்நியதி நியாயமானதே.

உழவர் வருந்துவது வேறொன்றைப் பற்றி. விதையும் விலையும் பிறர் கையில் இருக்கும்வரை, எளிதில் விளையும் பூவே மலிவாகவும் போகும். நாட்டு ரகத்தின் நல்ல பூக்களில் சிலவற்றைச் செடியிலேயே முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, அடுத்த ஆனிக்கு விதையாக எடுத்துவைக்கும் பழைய வழக்கத்தை, கொல்லையில் நான்கு செடி வைத்திருப்பவர்களாவது கைவிடாதிருக்கும்படி வேண்டுகிறேன்.